நாசகாரிக் கப்பலின் தபால் கவர் வாங்குவதற்கு முன்: யூ.எஸ்.எஸ். வார்டை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

கடற்படைக் கவர், அதாவது போர்க்கப்பலில் தபால் முத்திரை குத்தி அனுப்பிய கடித உறை, சேகரிக்கப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது அசலா?" என்பதுதான். நான் அதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். இந்தத் தேதியில் இந்தக் கப்பலிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்க வழி உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். லூப்பைக் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) கையில் எடுக்காமலேயே பாதி கவர்கள் இதிலேயே கழிந்துவிடும்.

ஹிஞ்ச், வாட்டர்மார்க் போன்றவற்றை விளக்கப் போவதில்லை. தபால்தலை சேகரித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றே ஒன்று மட்டும்: தபால்தலை அழகாக இருக்கிறதே என்று கவரிலிருந்து வெட்டி எடுத்துவிடாதீர்கள், தண்ணீரில் ஊறவும் போடாதீர்கள். கடற்படைக் கவரில் தலைக்கு மதிப்புக் குறைவு. முத்திரையும் முகவரியும் மூலையில் எழுதியிருக்கும் அனுப்புநர் விவரமும்தான் சரக்கு.

படி 1: கப்பலின் வாழ்க்கையை ஒரே தாளில் எழுதுங்கள்

அமெரிக்கக் கடற்படை வரலாற்றுத் துறையின் தளத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு உண்டு. படங்களுக்கு நேவ்சோர்ஸ் தளம். வேறு எங்கும் அலைய வேண்டாம். தேதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் உதாரணமான அமெரிக்க நாசகாரி வார்ட் கட்டப்பட்டது கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் கடற்படைத் தளத்தில். 1918 மே 15 அன்று அடிக்கட்டை போட்டு, ஜூன் 1 அன்றே தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். முதல் உலகப்போரின் அவசரம் அப்படி. ஜூலை 24-ல் பணியில் சேர்ந்தது. 1921 ஜூலையில் பணியிலிருந்து விலக்கி ரிசர்வில் கட்டிப்போட்டார்கள். 1941 ஜனவரி 15 அன்று மறுபடியும் பணிக்கு எடுத்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரைச் சேர்ந்த கடற்படை ரிசர்வ்காரர்கள். இந்த விவரத்தை மறக்காதீர்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

கப்பலைப் பிரபலமாக்கியது 1941 டிசம்பர் 7-ன் காலைப்பொழுது. கேப்டன் வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ் பொறுப்பேற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுக வாயிலில் ரோந்து. விடிவதற்கு முன்பே கண்ணிவாரிக் கப்பல் காண்டர் ஒரு பெரிஸ்கோப்பைப் பார்த்துச் சொல்லியிருந்தது. 6:45-க்கு வார்ட், ஜப்பானின் குட்டி நீர்மூழ்கி ஒன்றின் மீது சுட்டது. முதல் குண்டு தவறியது. மூன்றாம் எண் பீரங்கியின் குண்டு நீர்மூழ்கியின் கோபுரத்தைத் துளைத்தது. அதன்மேல் ஆழ்கடல் குண்டுகளையும் போட்டார்கள். ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டது அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான். நீர்மூழ்கியை மூழ்கடித்தோம் என்று வார்ட் சொன்னதைப் பல வருடம் பலர் முழுசாக நம்பவில்லை. 2002 ஆகஸ்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆழ்கடல் ஆய்வுக்கூடத்தார் அதைக் கடலடியில் கண்டபோது கோபுரத்தில் குண்டு ஓட்டை அப்படியே இருந்தது.

1943-ல் வார்டைப் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் வேகக் கப்பலாக மாற்றினார்கள். டிடி-139 என்ற எண் ஏபிடி-16 ஆனது. 1944 டிசம்பர் 7 அன்று, அதாவது சரியாக மூன்று வருடம் கழித்து, பிலிப்பைன்ஸின் ஓர்மோக் வளைகுடாவில் ஜப்பானியத் தற்கொலை விமானம் மோதித் தீப்பிடித்தது. காப்பாற்ற முடியாத கப்பலைச் சுட்டு மூழ்கடிக்க வேண்டிய வேலை ஓ'பிரையன் என்ற நாசகாரிக்கு வந்தது. அதன் கேப்டன் யார் தெரியுமா? அதே அவுட்டர்பிரிட்ஜ்.

படி 2: வரவே முடியாத தேதிகளை அடித்துவிடுங்கள்

இங்கேதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடற்படைக் கவர் மோகம் உச்சத்தில் இருந்தது 1930-களில். 1932-ல் யுனிவர்சல் ஷிப் கேன்சலேஷன் சொசைட்டி என்ற சேகரிப்பாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். சேகரிப்பாளர்கள் மூன்று சென்ட் தலை ஒட்டிய கவரைக் கப்பலுக்கே அனுப்பி, அக்டோபர் 27 நேவி டே அன்றோ வேறு விசேஷ நாளிலோ முத்திரை குத்தித் தரச் சொல்வார்கள். கவரின் இடப்பக்கம் படமும் வாசகமும் அச்சிட்ட கேச்செட் இருக்கும். வால்டர் கிராஸ்பி தயாரித்தவற்றில் எழுத்து புடைத்து நிற்கும், குட்டிப் புகைப்படம்கூட ஒட்டியிருக்கும். என் ரசனைக்கு அவைதான் முதலிடம்.

அந்தப் பத்து வருடமும் வார்ட் என்ன செய்துகொண்டிருந்தது? தூங்கிக்கொண்டிருந்தது. மாலுமி இல்லை, தபால் குமாஸ்தா இல்லை, முத்திரையும் இல்லை. ஆனாலும் "வார்ட், 1935" என்று தலைப்பிட்ட கவர்கள் ஈபேயில் கண்ணில் படும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முத்திரையில் இருப்பது யூ.எஸ்.எஸ். ஆரன் வார்ட். அது டிடி-132, வார்டைப் போலவே விக்ஸ் என்ற வகை நாசகாரிதான், ஆனால் வேறு கப்பல். 1940-ல் அதைப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அதன் பெயர் காசில்டன். போர்க்காலத்தில் அதே பெயரில் இன்னும் இரண்டு ஆரன் வார்டுகள் வந்தன. விற்பவர் ஏமாற்றுகிறார் என்றே சொல்ல முடியாது, பலருக்குத் தெரியாமலேயே நடப்பது இது. முத்திரை வளையத்தில் மங்கிப்போன இடத்தில் "ஆரன்" ஒளிந்திருக்கும். பெயருக்கு முன்னால் வெற்றிடம் இருந்தால், அந்த இடத்தின் அளவைப் பாருங்கள். வட்டத்தில் எழுத்துகள் சம இடைவெளியில்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தால் அங்கே ஏதோ அழிந்திருக்கிறது.

ஆக, வார்டின் பெயர் தாங்கிய முத்திரையை முதல் பணிக்காலமான 1918-21-ல் தேடலாம், அல்லது 1941-ல் தேடலாம். முந்தையதில் கேச்செட் எதிர்பார்க்காதீர்கள். பிந்தையதற்கு, பேர்ல் ஹார்பர் தாக்குதல் வரை, பதினோரு மாதம்தான்.

படி 3: முத்திரையைப் படியுங்கள்

போருக்கு முந்தைய முத்திரையில் வட்டத்துக்குள் கப்பல் பெயரும் தேதியும், பக்கத்தில் கோடுகளும் இருக்கும். கோடுகளுக்கு நடுவே ஊர்ப் பெயரையோ விசேஷத்தையோ எழுத்துக் கோத்துப் போடுவார்கள். இவற்றை வகைப்படுத்த லோசி முறை இருக்கிறது, எண்ணும் எழுத்துமாக. முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டாம். கடற்படைக் கவர் அருங்காட்சியகம் என்றொரு இலவச இணையதளத்தில் கப்பல் வாரியாக ஸ்கேன் படங்கள் உள்ளன. உங்கள் கவரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும். அச்சிட்ட விலைப்பட்டியல் புத்தகங்களைவிட எனக்கு இதுதான் உதவுகிறது.

பேர்ல் ஹார்பருக்குப் பிறகு பாதுகாப்புக்காக முத்திரையிலிருந்து கப்பல் பெயர்களை எடுத்துவிட்டார்கள். சில கப்பல்களில் பெயர் எழுத்துகளை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டுப் பழைய முத்திரையையே குத்தினார்கள். பிறகு "யூ.எஸ். நேவி" என்று மட்டும் போட்ட முத்திரைகள் வந்தன. ஆகவே 1943 தேதியில் "யூ.எஸ்.எஸ். வார்ட்" என்று பளிச்சென்று முத்திரை இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

படி 4: மூலையைப் பாருங்கள்

முத்திரையில் பெயர் இல்லாத போர்க்காலக் கவரை எப்படி அடையாளம் காண்பது? இடப்பக்க மேல் மூலையில் அனுப்புநர் பெயர், பதவி, கப்பல், கீழே "ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், சான் பிரான்சிஸ்கோ" என்று இருக்கும். பசிபிக் கப்பல்களுக்குச் சான் பிரான்சிஸ்கோ, அட்லான்டிக் பக்கம் நியூயார்க். 1942 ஏப்ரல் 1 முதல் படையினருக்குச் சாதாரணக் கடிதம் இலவசம். தலை இருக்க வேண்டிய இடத்தில் கையால் "ஃப்ரீ" என்று எழுதியிருக்கும். விமானத் தபால் என்றால் ஆறு சென்ட். கூடவே "பாஸ்டு பை நேவல் சென்சார்" முத்திரையும், அதன்மேல் அதிகாரியின் கிறுக்கலான இனிஷியலும்.

அனுப்புநர் பெயர் தெரிந்தால் மஸ்டர் ரோல் பக்கம் போங்கள். கப்பல் வாரியாக மாலுமிகளின் வருகைப் பட்டியல் அது. போர்க்காலப் பட்டியல்களை ஃபோல்ட்3 தளத்தில் தேடலாம், கட்டணம் உண்டு. அந்த மாதம் அந்த மனிதர் வார்டில் இருந்தாரா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. முகவரி செயின்ட் பாலுக்கு என்றால் இன்னும் நல்லது. நான் சொன்ன மினசோட்டா விவரம் இதற்குத்தான்.

படி 5: கடைசியில்தான் கருவிகள்

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் ஒன்று, சின்ன யூ.வி. டார்ச் ஒன்று. இருட்டறையில் டார்ச் அடித்தால் பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும். வெண்மையூட்டும் வேதிப்பொருள் காகிதத்தில் பரவலாக வந்தது 1950 வாக்கில். 1941 கவர் நீலவெள்ளையாக ஜொலித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். லூப்பில், முத்திரை மை நூலிழைகளில் ஊறியிருக்கிறதா, அல்லது இன்க்ஜெட் புள்ளிகளாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

வைப்பதற்கு பாலியெஸ்டர் உறை. பி.வி.சி. வேண்டவே வேண்டாம், லேமினேஷன் செய்தால் கதை முடிந்தது. கடலோர ஊர்க்காரர்கள் பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: 1941 டிசம்பர் 7 தேதியிட்ட கவரைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அந்தத் தேதி போலிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த தேதி. அன்று காலை வார்ட் ரோந்தில் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். கவர் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற வரலாறும், அமெரிக்கத் தபால்தலைச் சங்கம் போன்ற இடத்து நிபுணர் சான்றிதழும் இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். சான்றிதழ் செலவு கவரின் விலையைவிட அதிகம் என்றால் அந்தக் கவரை விட்டுவிடலாம்.

இன்னொன்று, கவருக்குள் கடிதம் இருந்தால் தேதியைப் படிக்கும்போது கவனம். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 12-7-41 என்றால் ஜூலை 12 இல்லை, டிசம்பர் 7. முத்திரையில் மாதம் எழுத்தில்தான் இருக்கும், குழப்பம் வந்தால் அதையே நம்புங்கள்.