ஸ்கீ (பனிச்சறுக்கு) கற்றுக்கொள்ள: எந்த வரிசையில், எந்தப் பனியில், எந்த மலையில்

ஆல்ப்ஸ் ஊர்களில் சாயங்காலம், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நின்ற பிறகு எந்த மேசையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு வந்துவிடும்: உண்மையான ஸ்கீயர் யார்? ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் இறங்கியிருக்கிறாயா, பிரான்ஸின் ஷமோனி போயிருக்கிறாயா, ஜப்பான் பனியைப் பார்த்திருக்கிறாயா என்று ஆளாளுக்கு ஒரு பட்டியலை நீட்டுவார்கள். பட்டியல் போடுகிறவர் போன இடம் ஒன்றுகூட அதில் விடுபட்டிருக்காது. போகாத இடம் எதுவும் இருக்கவும் இருக்காது.

என் கணக்கு வேறு. நினைத்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். நல்ல பனி, கெட்ட பனி இரண்டிலும் இறங்கத் தெரிய வேண்டும். இன்றைக்கு இந்தச் சரிவு வேண்டாம் என்று திரும்பி வரவும் தெரிய வேண்டும். மலைகள் முக்கியம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாடத்துக்காக. பனியையே பார்த்திராதவர் எங்கே தொடங்கி எந்த வழியாகப் போகலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பூட்ஸில் சமரசம் வேண்டாம்

முதல் வாரத்துக்குக் காலில் மாட்டும் ஸ்கீ பலகை எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். பூட்ஸ் சரியில்லை என்றால் பதினொரு மணிக்கே அறைக்குத் திரும்பத் தோன்றும். ஸ்கீ பூட்ஸின் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில்: 25.5, 26.5 என்று போகும். முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் இன்னும் சில்லிட்டுப்போகும்.

காலை உள்ளே விட்டுக் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டிவிட்டுப் பக்கிளை மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் அது சற்று விலக வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. தெர்மல் பேண்ட்டின் ஓரத்தைப் பூட்ஸுக்குள் சொருகிவிடாதீர்கள். ஒரே ஒரு மடிப்பு போதும், மதியத்துக்குள் காலின் முன்னெலும்பு கன்றிவிடும்.

வாடகைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, எந்த அளவுக்கு ஓட்டத் தெரியும் என்றெல்லாம் கேட்பார். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் திருகை அந்தக் கணக்கில்தான் வைக்கிறார். விழும்போது பலகை காலிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் முழங்கால் ஜவ்வு கிழியும். எடையில் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வதெல்லாம் கல்யாணத் தரகரிடம் இருக்கட்டும். பலகை நிமிர்த்தி வைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வரும் உயரம் தொடக்கத்துக்குச் சரி. ஹெல்மெட் கட்டாயம். சன்ஸ்க்ரீன் பூசுங்கள், மூக்கின் அடிப்பக்கத்திலும். பனி வெயிலைத் திருப்பி அடிக்கும். இன்ஷூரன்ஸும் எடுத்துவிடுங்கள். இத்தாலியில் 2022 முதல் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சரிவில் இறங்கவே கூடாது.

படி 2: சமதளத்தில் ஒரு மணி நேரம்

லிஃப்ட் பக்கமே போகாதீர்கள். முதலில் ஒரு பலகையை மட்டும் மாட்டிக்கொண்டு நடங்கள், பிறகு காலை மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட வேண்டும். கையில் பிடிக்கும் ஸ்கீ குச்சியின் முனையால் தட்டலாம், பைண்டிங்கின் ஓரத்தில் தேய்க்கலாம். மெல்லிய ஏடு மாதிரி இறுகிய பனி இருந்தாலே குதிகால் அமராது. எவ்வளவு மிதித்தாலும் ‘க்ளிக்’ சத்தம் வராது, புதியவர் பைண்டிங் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வார். சரிவில் நின்று மாட்டுவதானால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கீழ்ப்பக்கக் காலுக்கு முதலில் மாட்டுங்கள்.

பக்கவாட்டில் படியேறுவதுபோல் மேலே ஏறிப் பழகுங்கள். வேண்டுமென்றே பக்கவாட்டில் விழுங்கள். எழுவதற்குப் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, உடம்புக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து, மேட்டுப் பக்கம் கையை ஊன்றுங்கள்.

படி 3: நிற்கப் பழகுங்கள்

பலகைகளின் முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் அகன்று, ஆப்பு வடிவில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான வகுப்பில் இதைத்தான் ‘பீட்சா’ என்பார்கள். பலகைகள் இணையாக இருந்தால் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரை’. பீட்சாவை அகலமாக்கினால் வேகம் குறையும், இன்னும் அகலமாக்கினால் நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பயந்தவுடன் உடம்பு தானாகவே பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை இருக்காது, திருப்பவோ நிறுத்தவோ முடியாது, வேகம் கூடும், பயமும் கூடும். காலின் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். கைகள் முன்னால், பார்வை தொலைவில். காலடியைப் பார்த்தால் இடுப்பு வளைந்து பின்பக்கம் துருத்திக்கொள்ளும். ஆசிரியர்கள் நாள் முழுக்கக் கத்துவது இந்த ஒன்றுக்காகத்தான்.

சொன்ன இடத்தில் சொன்னவுடன் நிற்க முடிகிற வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 4: திரும்புவது

இடப்பக்கம் திரும்ப வலது காலில் எடை. வலப்பக்கம் திரும்ப இடது காலில் எடை. வெளிப்பக்கப் பலகைதான் வண்டியை ஓட்டுகிறது. தோளைத் திருப்பினால் எதுவும் நடக்காது, காலைத்தான் அழுத்த வேண்டும். வளைவு முடிந்தும் விடாமல், பலகை சற்றே மேட்டைப் பார்க்கிற வரை தொடருங்கள். வேகத்தை அடக்குவது வளைவின் வேலை. வளைவை முடிக்காமல் பாதியிலேயே அடுத்ததற்குத் தாவுகிறவர்கள்தான் கட்டுப்பாட்டை இழக்கிறார்கள்.

பீட்சாவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பலகைகளை இணைத்துக்கொண்டு போகும் இந்தப் பாட வரிசையை ஒழுங்குபடுத்தியதில் ஹானஸ் ஷ்னைடருக்குப் பெரும் பங்கு உண்டு. 1907-ல் ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டனுக்கு ஆசிரியராக வந்தவர். அவர் வகுத்த ஆர்ல்பெர்க் முறை உலகம் முழுக்கப் பரவியது. நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் சிறையில் அடைக்கப்பட்டார். 1939-ல் அமெரிக்காவின் நார்த் கான்வே ஊருக்குப் போய் அங்கே கற்றுக்கொடுத்தார்.

அதற்காக முதல் வாரத்துக்குச் செயின்ட் ஆன்டன் போய்விடாதீர்கள். அங்கே நீலம் என்று குறித்த சுலபமான சரிவே மற்ற ஊர்களில் சிவப்பு என்று குறித்த நடுத்தரச் சரிவுக்குச் சமம். தொடங்குகிறவருக்குப் பிரபலமில்லாத ஊர்தான் நல்லது: கன்வேயர் பெல்ட் லிஃப்ட், அகலமான மென்சரிவு, கூட்டமில்லாத வகுப்பு. குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் ஆஸ்திரியாவின் திரோலில் உள்ள செர்ஃபௌஸ் பக்கம் வசதி. ஓட்டத் தெரிந்த நண்பரிடம் கற்றுக்கொள்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள். அவர் உங்களை மேலே கூட்டிப்போய், “அவ்வளவுதான், வா” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். காசு கொடுத்து மூன்று நாள் வகுப்பில் சேருங்கள். பக்கத்தில் ஐந்து வயதுக் குழந்தை உங்களைத் தாண்டிப் போகும், போகட்டும். சுவிஸில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளி ஸ்கீ முகாமில் கற்றுக்கொண்டு வந்து அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: லிஃப்ட்

சேர் லிஃப்ட்டில் குச்சிகள் இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, நாற்காலி வரும்போது திரும்பிப் பார்த்து உட்காருங்கள். இறங்குமிடத்தில் பலகையின் முனைகளைத் தூக்கி வையுங்கள், எழுந்ததும் நேராகச் சறுக்கி ஓரம் போங்கள். கால்களுக்கு நடுவில் வட்டத் தட்டை வைத்துக்கொள்ளும் பட்டன் லிஃப்ட்டில் மட்டும் உட்காரக் கூடாது. அது இழுத்துக்கொண்டு போகத்தான், இருக்கை இல்லை. உட்கார்ந்தால் பனியில்தான் உட்காருவீர்கள். விழுந்துவிட்டால் கம்பியை விட்டுவிட்டுப் பாதையிலிருந்து உருண்டாவது விலகுங்கள், பின்னால் ஆள் வருகிறார்.

படி 6: நிறங்களும் விதிகளும்

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை இருக்கிறது. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு டைமண்ட். நிறம் அந்த மலைக்குள் ஒப்பிட்டுத் தருவது. ஓர் ஊரின் சிவப்பை இன்னோர் ஊரின் சிவப்போடு ஒப்பிட முடியாது.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் பத்து விதிகள் 1967 முதல் இருக்கின்றன. மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டு. உங்களுக்குக் கீழே போகிறவருக்கே முன்னுரிமை, அவர் எப்படித் திரும்பினாலும் மோதாமல் பார்த்துக்கொள்வது மேலிருந்து வருகிற உங்கள் பொறுப்பு. நிற்பதானால் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். மேட்டின் மறுபக்கம் ஒளிந்து நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டம் எல்லா மலையிலும் இருக்கிறது.

படி 7: பனியைப் படியுங்கள்

இங்கேதான் ஸ்கீயர் உருவாகிறார். காலை ஒன்பது மணிக்கு, இரவெல்லாம் இயந்திரம் சீவிவிட்ட பனியில் வரிவரியாகக் கோடுகள் இருக்கும். அதில் எல்லாரும் நன்றாகத்தான் ஓட்டுவார்கள். அதை வைத்து உங்களை மதிப்பிட்டுக்கொள்ளாதீர்கள்.

இறுகிய பனிக்கட்டியில் பலகையின் இரும்பு விளிம்பு கரகரவென்று உரசும், பிடி கிடைக்காது. அவசரப்பட்டு விளிம்பை அழுத்தினால் கால் வழுக்கிப் போகும். பலகையைத் தட்டையாக விட்டு அந்தத் திட்டைத் தாண்டி, அடுத்து வெள்ளையாகத் தெரியும் மென்பனியில் திரும்புங்கள். இந்தப் பாடத்துக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் பேர்போனது. மழை பெய்து, உறைந்து, மறுபடி பெய்கிற மலைகள் அவை. அங்கே மேட் ரிவர் க்ளென் என்று ஓர் இடம். ஒற்றையாள் நாற்காலி லிஃப்ட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள், இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டும் ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை, ஸ்கீயர்களின் கூட்டுறவு அமைப்பே நடத்துகிறது. முடிந்தால் ஓட்டிப் பார் என்பதே அவர்கள் விளம்பர வாசகம். வெர்மான்ட்டில் ஓட்டக் கற்றவர் எங்கும் ஓட்டுவார் என்று சொல்வதில் பெருமையடிப்பு கொஞ்சம் உண்டு, உண்மையும் உண்டு.

அதற்கு நேரெதிர் ஜப்பானின் ஹொக்கைடோ தீவு. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நிசெகோ மலைகளில் உலர்ந்த பனியாகக் கொட்டுகிறது. முழங்கால் ஆழப் பொடிப்பனியில் ஒரு காலில் மட்டும் எடை போட்டால் அந்தப் பலகை மூழ்கும், மற்றது மிதக்கும், நீங்கள் நடுவில். இரண்டு காலிலும் சமமாக நின்று, நிதானமாக, பெரிய வளைவாக வர வேண்டும். கழன்ற பலகை பனிக்குள் மறைந்துவிட்டால் தேடுவதற்கே அரைமணி போகும்.

ஏப்ரல் மதிய ஈரப்பனி கனமானது, பலகையைச் சட்டென்று பிடித்து நிறுத்தும். முழங்கால் காயங்களுக்குத் தோதான நேரம். களைப்பாக இருந்தால் லிஃப்ட்டிலேயே இறங்கிவிடுங்கள். மேகம் மூடி மேடுபள்ளம் எதுவும் தெரியாத வெளிச்சத்தில் மரங்கள் இருக்கும் பக்கம் போங்கள், அல்லது சரிவோரக் கம்பங்களை ஒட்டியே ஓட்டுங்கள்.

படி 8: கயிற்றுக்கு அப்பால்

சமன்செய்த சரிவைத் தாண்டி இறங்குவதுதான் பலருக்குக் கனவு. அங்கே பனிச்சரிவு, அதாவது மலைமேல் படிந்த பனி உடைந்து சரிந்து வருகிற ஆபத்து தொடங்குகிறது. 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகள்தான் பெரும்பாலும் உடைகின்றன. உயிர்ச்சேதம் உண்டாக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது அதில் சிக்கிய குழுவேதான். ஐரோப்பாவில் தினமும் 1 முதல் 5 வரை ஆபத்து அளவை வெளியிடுகிறார்கள், காலையில் அதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ட்ரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு மளமளவென்று குறைகிறது. மீட்புக் குழு வந்து சேர அந்த நேரம் போதாது, தோண்டப்போவது உங்கள் நண்பர்தான்.

ஷமோனியின் வாலே பிளான்ஷ் இதற்கு நல்ல முதல் பெரும்பயணம், வழிகாட்டியோடு. 3,842 மீட்டர் உயர எகுய் து மிடியிலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், பனியாற்றின் மேலேயே. இறங்கும் திறமை நடுத்தரமாக இருந்தால் போதும். கேபிள் கார் நிலையத்திலிருந்து கயிறு கட்டிக்கொண்டு நடக்கும் குறுகிய முகடும், பனிக்கடியில் ஒளிந்திருக்கும் வெடிப்புகளும்தான் வழிகாட்டியைக் கேட்கின்றன. செயின்ட் ஆன்டனின் வல்லுகா உச்சிக்கான கடைசி கேபிள் காரில் வழிகாட்டி இல்லாமல் பலகையோடு ஏறவே விடமாட்டார்கள்.

கிட்ஸ்பியூல்? ஜனவரிப் பந்தயத்தை டிவியில் பாருங்கள். 3,312 மீட்டர் நீள ஸ்ட்ரைஃப் பாதையில் எலிப்பொறி என்று பெயர் வைத்த இடத்தில் சாய்வு 85 சதவீதம். மற்ற நாட்களில் அந்தக் கொடுமையான இடங்களைச் சுற்றிக்கொண்டு போகும் குடும்பப் பாதை ஒன்று உண்டு. “ஸ்ட்ரைஃபில் இறங்கினேன்” என்பவர்களில் பலர் அதில்தான் இறங்கியிருப்பார்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் குல்மார்க்தான் பக்கம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் தனியாளாகப் போன ஆரிஃப் கான் பழகிய மலை அது. ஒரே ஊரில் இரண்டு உலகம்: கீழே 2,650 மீட்டரில் தவழ்கிறவருக்கும் சரிப்படும் புல்வெளிச் சரிவு, மேலே கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் கொண்டுவிடும் அஃபர்வாத், கிட்டத்தட்ட 4,000 மீட்டர், பெரும்பகுதி சீவாத பனி. ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். முதல் நான்கைந்து நாள் கீழேயே ஆசிரியரோடு இருங்கள். மேலே போய்ப் பார்க்க ஆசையாக இருந்தால் டிக்கெட் எடுத்துத் தாராளமாகப் போய்வாருங்கள், பலகையை மட்டும் கீழேயே வைத்துவிட்டு.