கியர் போட்டால் நின்றுவிடும் பைக்

நிலாவெளி வீதியில் என்ர 250 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் பட்டென்று நின்றுபோச்சு. நியூட்ரலில் அழகாய் ஓடுது, முதல் கியரைப் போட்டதும் எஞ்சின் அணையுது. கராஜில் பற்றரியை மாற்றச் சொன்னாங்கள். ஸ்டார்ட் மோட்டர் சுறுசுறுப்பாய்ச் சுத்தேக்குள்ள பற்றரி எப்படிப் பிழையாகும்? மனம் ஒப்பேல்லை.

வீட்டில் குனிந்து பார்த்தன். சைட் ஸ்டாண்ட் சுவிட்சைச் சுற்றி வெள்ளையாய் உப்புப் பொருக்கு, பச்சைக் களிம்பு. ஸ்டாண்டை மடிச்சாலும் சுவிட்ச் மாறேல்லை. ஸ்டாண்ட் இன்னும் கீழே இருக்கு என்று பைக் நினைக்குது; அதுதான் கியர் விழுந்ததும் எஞ்சினுக்கு மின்சாரம் வெட்டுப்படுது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பழைய பல்துலக்கியால் தேய்ச்சு, காயவிட்டு, சிலிக்கன் கிரீஸ் பூசினன். சுவிட்ச் 'டிக்' என்று சத்தம் போட்டுச்சு. எனக்குப் பெரிய சந்தோசம்!

உப்புவெளிக் கடற்காத்து சும்மா விடாது. இப்ப கிழமைக்கொருக்கா நல்ல தண்ணியில் கழுவி, செயினுக்கும் எண்ணெய் விடுறன்.