கப்பல் கட்டுற ஊர்ல முன்னோர்களைத் தேடுறது எப்படி: பேரோ-இன்-ஃபர்னஸை வச்சு ஒரு செய்முறை

என் வீட்டுக்காரரோட அப்பா வழி ஆளுங்க எல்லாரும் பேரோ-இன்-ஃபர்னஸ். இங்கிலாந்து மேப்ல வடமேற்கு ஓரமா, ஐரிஷ் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அந்த ஊர். இன்னைக்கும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்டுறாங்க. மாமனாரைக் கேட்டா தலைமுறை தலைமுறையா நாங்க பேரோதான்னு அடிச்சுச் சொல்வாரு. ஆனா அதுக்கு வாய்ப்பே இல்ல, ஏன்னா அந்த ஊருக்கே அவ்வளவு வயசு கிடையாது.

1840-கள்ல அது நாலு வீடும் வயலும் இருக்கற ஒரு குக்கிராமம். 1846-ல ஃபர்னஸ் ரயில்வே வந்துச்சு, 1850-ல ஹென்றி ஷ்னைடர்ங்கறவர் பக்கத்துல பெரிய இரும்புத் தாது படுகையைக் கண்டுபிடிச்சாரு, 1867-ல துறைமுகத்தைத் திறந்து நகராட்சியும் ஆக்கிட்டாங்க, 1871-ல கப்பல் கட்டுற கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1881 சென்சஸ் எடுக்கறப்ப சுமார் 47,000 பேர் இருக்காங்க. அந்த ஜனம் பூரா எங்கிருந்து வந்துச்சு? வெளியூர்ல இருந்துதான். அதனால இந்த மாதிரி ஊர்ல தேடுறோம்னா, நம்ம ஆள் எந்த ஊர்ல இருந்து கிளம்பி வந்தான்னு கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலை. ஜாரோ, பர்க்கன்ஹெட் மாதிரி ஊர்ல தேடுறவங்களுக்கும் இதே வழி ஒத்து வரும்.

ஸ்டெப் 1: வீட்ல இருக்கறதை முதல்ல கிளறுங்க

வெப்சைட் பக்கம் போறதுக்கு முன்னாடி வயசானவங்ககிட்ட உக்காந்து பேசுங்க. பேரு, பிறந்த வருஷம், கல்யாணம் எந்த சர்ச், வேலை என்ன, எந்தத் தெரு. பழைய பிஸ்கட் டப்பால யூனியன் கார்டு, அப்ரண்டிஸ் பத்திரம், வேலைக்குச் சேர்ந்த லெட்டர் இப்படி எதாவது கிடக்கும். எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க, போட்டோக்களோட பின்பக்கத்தையும் விடாதீங்க, அங்கதான் ஸ்டூடியோ பேரும் ஊரும் சீல் அடிச்சிருப்பாங்க.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒரு விஷயம். நமக்கு இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், இவங்களுக்கு அப்பா வழி சர்நேம் அப்படியே இறங்கிக்கிட்டே வரும். ஆம்பளைங்களைப் புடிக்கறது சுலபம், பொண்ணுங்க கல்யாணம் ஆனதும் வேற பேர்ல மறைஞ்சிடுவாங்க. அதனால ஒவ்வொரு தலைமுறையிலயும் அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின சர்நேம் என்னன்னு தெரிஞ்சுக்கறதுதான் சாவி.

ஸ்டெப் 2: 1939, அப்புறம் 1921

எப்பவும் தெரிஞ்சதுல இருந்து பின்னாடி போங்க. எங்கயோ 1850-ல ஒரே பேர்ல ஒரு ஆளைப் புடிச்சு அங்கிருந்து கீழ இறங்கி வர நினைக்காதீங்க, ஊர்ல பாதிப் பேருக்கு ஜான், வில்லியம், ஜேம்ஸ்னுதான் பேரு.

1939 ரிஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, போர் ஆரம்பிச்ச கையோட செப்டம்பர் 29-ஆம் தேதி ஐடென்டிட்டி கார்டுக்காக எடுத்த கணக்கு. முழுப் பிறந்த தேதி இருக்கும், அதனாலயே இது தங்கம். பொண்ணுங்க பேர் பக்கத்துல வேற இங்க்ல இன்னொரு சர்நேம் எழுதியிருந்தா அது பின்னாடி கல்யாணம் ஆனப்ப மாத்தினது, ஏன்னா அதே ரிஜிஸ்டரை ரொம்ப வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி சேவைக்குப் பயன்படுத்துனாங்க. சில வரி கறுப்பா மூடியிருக்கும், அவங்க உயிரோட இருக்கலாம்னு மூடி வச்சிருக்காங்க.

அடுத்தது 1921 சென்சஸ். கப்பல் ஊர் ஆளுங்களுக்கு இதை விட நல்ல ரெக்கார்ட் கிடையாதுன்னு நான் சொல்வேன், ஏன்னா இதுல என்ன வேலைன்னு மட்டும் இல்லாம எந்த முதலாளிகிட்ட, எந்த இடத்துலன்னும் கேட்டிருக்காங்க. விக்கர்ஸ் லிமிடெட் (பேரோ கப்பல் யார்டை வச்சிருந்த கம்பெனி), கப்பல் கட்டுமானம்னு அவங்க கையெழுத்துலயே பாக்கலாம். முதல் உலகப் போர் முடிஞ்சு ஆர்டர் எல்லாம் காணாமப் போன நேரம்ங்கறதால வேலையில்லன்னு எழுதினவங்களும் இருப்பாங்க, பாத்தா பாவமா இருக்கும். 1931 சென்சஸ் 1942-ல தீயில எரிஞ்சு போச்சு, 1941-ல போரால எடுக்கவே இல்ல, அதனால 1939, 1921 ரெண்டை விட்டா நடுவுல வேற ஒண்ணும் கிடைக்காது.

பழைய ரெக்கார்டு தேடுற வெப்சைட்ல ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் ரெண்டுமே காசு. பக்கத்துல லைப்ரரி இருந்தா கேட்டுப் பாருங்க, இங்கிலாந்துல நிறைய லைப்ரரி கம்ப்யூட்டர்ல இதுல ஒண்ணாவது ஃப்ரீயா இருக்கும். ஃபேமிலிசெர்ச் எப்பவுமே ஃப்ரீ, அக்கவுண்ட் மட்டும் தொறந்தா போதும்.

ஸ்டெப் 3: பிறப்பு இறப்பு இண்டெக்ஸ்

இங்கிலாந்துல அரசாங்கப் பதிவு 1837 ஜூலை 1-ல ஆரம்பம். அதுக்கு ரெண்டு இண்டெக்ஸ் இருக்கு, ரெண்டையும் சேத்து பயன்படுத்தத் தெரிஞ்சாதான் காரியம் ஆகும். ஒண்ணு ஃப்ரீபிஎம்டி, தன்னார்வலர்கள் டைப் பண்ணி வச்சது, காசு கிடையாது, பிறப்பு கல்யாணம் இறப்பு மூணும் இருக்கும். ஆனா இதுல அம்மாவோட பிறந்த வீட்டு சர்நேம் 1911 செப்டம்பர் காலாண்டுல இருந்துதான் வரும். இன்னொண்ணு ஜிஆர்ஓ-ங்கற அரசாங்கப் பதிவு ஆபீஸோட சொந்த இண்டெக்ஸ். இதுல அந்த சர்நேம் 1837-ல இருந்தே இருக்கு, ஆனா கல்யாணம் இல்ல.

இதுல ஒரு டெக்னிக். ஜிஆர்ஓ தேடல்ல குழந்தை பேரை காலியா விட்டுட்டு, அப்பா சர்நேம், அம்மாவோட பழைய சர்நேம், ஊர் மட்டும் போட்டு ரெண்டு ரெண்டு வருஷமா நகர்த்திக்கிட்டே போங்க, ஆண் ஒரு தடவை பெண் ஒரு தடவை. அந்தத் தம்பதியோட மொத்தப் பிள்ளைங்களும் வரிசையா வந்துடுவாங்க, ரெண்டு சென்சஸுக்கு நடுவுல பிறந்து இறந்து போன குழந்தைங்க உட்பட. 1911 சென்சஸ்ல கல்யாணமான பொண்ணுங்களுக்கு எத்தன குழந்தை பிறந்துச்சு, எத்தன உயிரோட இருக்கு, எத்தன தவறிடுச்சுன்னு மூணு கட்டம் இருக்கு, அந்த நம்பரோட இதை ஒத்துப் பாத்தா யார் விட்டுப் போச்சுன்னு தெரிஞ்சிடும்.

ஊர் பேர் போடும்போது கவனம். பேரோ தனிப் பதிவு மாவட்டம் ஆனது 1876-ல, அதுக்கு முன்னாடி பிறந்தவங்க அல்வர்ஸ்டன்ங்கற மாவட்டத்துல இருப்பாங்க. இண்டெக்ஸ் காலாண்டுக் கணக்குல, பதிவு பண்ணின தேதிப்படி ஓடும். பதிய 42 நாள் டைம் உண்டுங்கறதால பிப்ரவரி கடைசியில பிறந்த குழந்தை ஜூன் காலாண்டுல உக்காந்திருக்கலாம்.

சர்டிபிகேட் வாங்கறப்ப பேப்பர் காப்பி ஆர்டர் பண்ற முன்னாடி டிஜிட்டல் இமேஜ்னு ஆப்ஷன் வருதான்னு பாருங்க, பழைய பிறப்பு இறப்புகளுக்கு அது ரொம்ப சீப். கல்யாணத்துக்கு அது கிடைக்காது, ஆனா காசு செலவு பண்ணணும்னா கல்யாண சர்டிபிகேட்டுக்குத்தான் நான் பண்ணுவேன். மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரோட அப்பா பேரும் அவங்க வேலையும் அதுல இருக்கும். அம்மாங்க பேரைச் சேத்தது 2021-லதான், அது வரைக்கும் அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, கேட்டா கோபம்தான் வருது.

ஸ்டெப் 4: சென்சஸ்ல பிள்ளைங்க பிறந்த ஊரைப் படிங்க

1851-ல இருந்து 1911 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு சென்சஸ், ஒவ்வொருத்தருக்கும் வயசு, வேலை, பிறந்த ஊர் இருக்கும். (1841-ல 15 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வயசை அஞ்சின் மடங்கா கீழ இறக்கி எழுதினாங்க, பிறந்தது இதே கவுன்ட்டியா, அதாவது அங்கத்த மாவட்டமா, இல்லையான்னு மட்டும்தான் கேட்டாங்க, அதை ரொம்ப நம்ப வேணாம்.)

எப்படிப் படிக்கறதுன்னு நான் கற்பனையா ஒரு குடும்பம் சொல்றேன். 1891, பேரோ ஐலண்ட்ல ஒரு அடுக்கு வீடு. அப்பா 38 வயசு, ரிவெட்டர் (இரும்புத் தகட்டுல ரிவெட்ங்கற தடி ஆணி அடிக்கறவர்), பிறந்தது ஸ்காட்லாந்து டம்பார்டன். அம்மா 35, அயர்லாந்து. மூத்த பையன் 14, ரிவெட் ஹீட்டர், பிறந்தது கோவன். அடுத்த பொண்ணு 10, வால்செண்ட். கடைசி ரெண்டும் 6, 3, பேரோ. கூடவே ரெண்டு லாட்ஜர் (காசு குடுத்து அந்த வீட்ல தங்கறவங்க), ரெண்டு பேருமே ரிவெட்டர்.

இதைப் பாத்தாலே அவங்க வந்த வழி தெரியுது. 1877 வாக்குல ஸ்காட்லாந்துல கிளைட் நதிக்கரை (கோவன்), 1881 வாக்குல வடகிழக்கு இங்கிலாந்துல டைன் நதிக்கரை (வால்செண்ட்), 1885-க்குள்ள பேரோ. ஆர்டர் எங்க இருக்கோ அங்க போயிருக்காங்க. கல்யாணம் மூத்த பையன் பிறக்கறதுக்கு முன்னாடி, அதனால அதை பேரோவுல தேடி டைம் வேஸ்ட் பண்ண வேணாம், கிளைட் பக்கம் தேடணும். லாட்ஜர்களையும் குறிச்சு வச்சுக்கோங்க, பாதி நேரம் அவங்க மச்சானாவோ அத்தை பையனாவோ இருப்பாங்க, அவங்க பிறந்த ஊர் நம்ம ஆளோட ஊரா இருக்க வாய்ப்பு உண்டு.

ஸ்டெப் 5: வேலையோட பேரைப் புரிஞ்சுக்கோங்க

இதை நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்ச இடம். ரெண்டு இரும்புத் தகட்டை ஒண்ணா இணைக்க அப்ப வெல்டிங் கிடையாது, ரிவெட்தான். ஒரு பையன் சின்ன உலைல ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால தூக்கி வீசுவான், அவன்தான் ஹீட்டர். இன்னொருத்தன் அதைப் புடிச்சு ஓட்டைல சொருகுவான். உள்பக்கம் ஒருத்தர் கனமான சுத்தியலை வச்சு ரிவெட் தலையை அழுத்திப் புடிச்சிருப்பாரு, அவர் ஹோல்டர்-அப். வெளிப்பக்கம் ரெண்டு ரிவெட்டர் மாத்தி மாத்தி அடிப்பாங்க, ஒருத்தர் வலது கை, இன்னொருத்தர் இடது கைப்பழக்கம் இருந்தா ஜோடி அமைஞ்சுது. இந்த செட் ஒண்ணாவே வேலை தேடிப் போகும், அதனாலதான் ஒரே வீட்ல ரெண்டு மூணு ரிவெட்டரைப் பாக்கறோம். அந்தச் சத்தத்துல வேலை பாத்து முக்கால்வாசிப் பேருக்கு வயசானா காது கேக்காது.

பிளேட்டர்னா தகட்டை வளைச்சுப் பொருத்தறவர், கால்க்கர்னா இணைப்புல தண்ணி புகாம அடைக்கறவர், ஷிப்ரைட்னா மரக்கப்பல் காலத்துல இருந்து வர்ற தச்சுப் பரம்பரை. பாய்லர்மேக்கர்னு இருந்தா பாய்லர் மட்டும் செஞ்சார்னு நினைக்காதீங்க, 1834-ல ஆரம்பிச்ச பாய்லர்மேக்கர்ஸ் யூனியன்ல ரிவெட்டர், பிளேட்டர், கால்க்கர் எல்லாரும் இருந்தாங்க.

வேலையே பூர்வீகத்தையும் காட்டிக் குடுக்கும். ரிவெட்டர், பிளேட்டர்னா கிளைட், டைன் அல்லது பெல்ஃபாஸ்ட் பக்கம் முதல்ல பாருங்க. சணல் ஆலைல பொண்ணு வேலை பாத்திருந்தா ஸ்காட்லாந்தோட சணல் ஊரான டண்டீயைச் சந்தேகப்படுங்க, பேரோவுல 1870-ல ஒரு பெரிய சணல் ஆலை தொறந்தாங்க. இரும்பு உருக்காலைன்னா ஸ்டாஃபர்ட்ஷயர். சுரங்கத் தொழிலாளி, ரூஸ்ங்கற இடத்துல வீடுன்னா கார்ன்வால், அங்க வரிசை வீடு கட்டுனதே கார்ன்வால் ஆளுங்களுக்குத்தான்.

ஸ்டெப் 6: இடப் பேர் குழப்பம்

1974 வரைக்கும் பேரோ லங்காஷயர்ல இருந்துச்சு, அப்புறம் கம்ப்ரியா. பழைய ரெக்கார்டை கம்ப்ரியான்னு போட்டுத் தேடினா ஒண்ணும் வராது. சர்ச் ரெக்கார்டுக்கு தாய் பாரிஷ் (சர்ச் வட்டாரம்) டால்டன்-இன்-ஃபர்னஸ், 1860-க்கு முன்னாடின்னா அங்கதான் பாக்கணும். லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளர்க்னு ஒரு ஃப்ரீ ப்ராஜெக்ட் இருக்கு, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு டைப் பண்ணி வச்சிருக்காங்க. அயர்லாந்து ஆளுங்கன்னா கத்தோலிக்க சர்ச்சையும் சேத்துத் தேடுங்க. விக்கர்ஸ்டவுன்னு விலாசம் வந்தா அது வால்னி தீவு, விக்கர்ஸ் 1897-ல யார்டை வாங்கினதுக்கு அப்புறம் தொழிலாளிகளுக்குக் கட்டின குடியிருப்பு. அங்க போக பாலம் வந்தது 1908-ல, அது வரைக்கும் படகுலதான் வேலைக்குப் போய் வந்தாங்க.

ஸ்டெப் 7: பேரைத் தாண்டி

அவர் வேலை பாத்த வருஷம் தெரிஞ்சா என்ன கப்பல் கட்டுனாங்கன்னு பாக்கலாம். ஜப்பானோட மிகாசா போர்க்கப்பல் 1900-ல இங்கதான் தண்ணில இறங்குச்சு, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கடற்படையோட முதல் நீர்மூழ்கி ஹாலண்ட் 1. பேரோ டாக் மியூசியத்துல விக்கர்ஸ் போட்டோ கலெக்ஷன் இருக்கு, ஆன்லைன்லயும் தேடலாம். முகத்துக்குப் பேர் எழுதியிருக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஊர் ஆர்க்கைவ் லைப்ரரியோடயே இருக்கு, போறதுக்கு முன்னாடி என்ன வேணும்னு மெயில் போட்டுட்டுப் போங்க.

1941 ஏப்ரல், மே மாசத்துல குண்டு வீச்சுல இறந்தவங்க இருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷன் சைட்ல பாருங்க, சிப்பாய் மட்டும் இல்ல, பொதுமக்கள் பேரும் ஊர்வாரியா இருக்கு.

ஸ்டெப் 8: ஊரை விட்டு வெளிய

ஸ்காட்லாந்துன்னு தெரிஞ்சிடுச்சா, ஜிஆர்ஓவை மூடிட்டு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் சைட்டுக்குப் போங்க. அங்க பதிவு 1855-லதான் ஆரம்பம், லேட்டுதான், ஆனா சர்டிபிகேட் ரொம்ப பிரமாதம். கல்யாணத்துல ரெண்டு பக்க அம்மாவோட பழைய சர்நேமும் இருக்கும், 1861-ல இருந்து பிறப்புல அப்பா அம்மா எப்ப எங்க கல்யாணம் பண்ணினாங்கன்னே எழுதியிருக்கும். சைட்லயே காசு கட்டி கிரெடிட் வாங்கி இமேஜை அப்பவே டவுன்லோட் பண்ணிக்கலாம்.

அயர்லாந்துன்னா கொஞ்சம் பொறுமை வேணும். 1922-க்கு முந்தின சென்சஸ்ல 1901, 1911 மட்டும்தான் முழுசா தப்பிச்சது, ரெண்டும் ஃப்ரீ. பிறப்பு இறப்புப் பதிவு 1864-ல இருந்து, கத்தோலிக்கர் அல்லாதவங்க கல்யாணம் மட்டும் 1845-ல இருந்தே இருக்கு. ஐரிஷ் அரசாங்கத்தோட ஐரிஷ்ஜீனியாலஜி சைட்ல பழைய பதிவோட இமேஜே ஃப்ரீயா வரும். பெல்ஃபாஸ்ட், ஆன்ட்ரிம், டவுன் பக்கம்னா வடக்கு அயர்லாந்தோட பதிவு சைட்டையும் பாருங்க, அது காசு. சென்சஸ்ல வெறும் அயர்லாந்துன்னு மட்டும் எழுதியிருந்தா அடுத்த பத்து வருஷ சென்சஸ், அவரோட அண்ணன் தம்பி சென்சஸ், அந்த லாட்ஜருங்க சென்சஸ்னு ஒவ்வொண்ணா தொறந்து பாருங்க, யாராவது ஒருத்தர் கவுன்ட்டி பேரைச் சொல்லியிருப்பாரு.