அம்மாவுக்கு வேர்க்கவில்லையா? ஈரத்துண்டை எடுங்கள்

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம். வேலூர் வெயில். "எனக்குத்தான் வேர்க்கவே இல்லையேடி" என்று அம்மா ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. முதுகும் கெண்டைக்காலும் காய்ந்துபோய்ச் சுட்டன. வேர்க்காவிட்டால் உடம்பு சூடேறவில்லை என்றுதான் அதுவரை நானும் நம்பியிருந்தேன்.

அம்மாவுக்கு 77 வயது. வயதாக ஆக ஒவ்வொரு வேர்வைச் சுரப்பியும் விடும் வேர்வை குறைகிறது. பெரும்பாலும் கால்களில்தான் அது தொடங்கும். நெற்றிக்குக் கடைசியில் வரும். ரத்த ஓட்டமும் அப்படித்தான். கடும் வெப்பத்தில் இளவயதுக்காரர்களின் தோலுக்கு நிமிடத்துக்கு 7, 8 லிட்டர் ரத்தம்வரை பாய்ந்து, உள்சூட்டை வெளியே கொண்டுவரும். வயதானவர்களின் தோல் ரத்தக்குழாய்கள் அவ்வளவு விரிவதில்லை, இதயத்தாலும் அவ்வளவு ரத்தத்தை இறைக்க முடிவதில்லை. சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது.

அதனால் உடம்பு விடாத வேர்வையை நாம்தான் மேலே பூசிவிட வேண்டும். பழைய பருத்தி வேட்டியை நாலாகக் கிழித்து வைத்திருக்கிறேன். நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கை, கால், மார்பு, பிடரி எல்லாம் துடைத்துவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் ஃபேனைப் போடுவேன். காய்ந்ததும் மறுபடி. ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு இறங்கும். வெயில் 40 டிகிரிக்கு மேல் போனால் காய்ந்த தோலில் வெறும் ஃபேன் காற்று அனலைத்தான் கொண்டுவந்து கொட்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். காலை ஆறு மணிக்கே இரண்டு பக்கெட் பிடித்து, சமையல்கட்டு நிழலில் மூடி வைத்துவிடுங்கள். ஐஸ் தேவையில்லை.

தாகமும் வயதானவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். கேட்டுக் கொடுப்பதை விட்டுவிட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவேன். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போக வைக்கும், சில தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பங்குனியிலேயே மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்து மயங்கினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே 108. வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.