திரும்பி வந்த நகைச்சுவை நாடகத்துக்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி?

திருவிழா மேடைக்கோ வானொலிக்கோ போட்டிக்கோ எழுதிக் கொடுத்த நாடகம் "சரிவராது" என்று திரும்பினால், பலர் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அப்படிக் கிடக்கும் பிரதிகள் பலவற்றில் நல்ல சிரிப்பு இருக்கிறது. நீளமோ வடிவமோதான் அதை அமுக்கி வைத்திருக்கும். முதன்முதலாக எழுதுகிறவர்களுக்காக, அதை வெளியே எடுக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், ஏன் திரும்பியது என்று பாருங்கள். நீளம் கூடியதா, நடிகர்கள் அதிகமா, அல்லது வாசித்தவருக்குப் பிடிக்கவில்லையா? காரணம் சொல்லாவிட்டால், அறிவித்தலில் இருந்த நிபந்தனைகளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நிபந்தனை மீறியிருந்தால் திருத்தலாம். ரசனை என்றால் அது ஒருவருடைய ரசனை, அவ்வளவுதான். 1974இல் ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் எழுதிய 'ஃபோல்டி டவர்ஸ்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் பிரதியை வாசித்த பிபிசி அலுவலர், இது படுதோல்வியாகத்தான் முடியும் என்று குறிப்பு எழுதினார். அடுத்த வருடமே அது ஒளிபரப்பானது. மொத்தம் 12 பகுதிகள்தான். இன்றைக்கும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, மற்றவர்களைக் கொண்டு சத்தமாக வாசிப்பியுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், அவசரப்பட வேண்டாம். ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் இடம் கேளுங்கள். நாலைந்து பேர் வாசிக்க, ஏழெட்டுப் பேர் கேட்க இருந்தால் போதும். வீட்டுக்காரரை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். மேடைக் குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஒருவர் வேண்டும். நீங்கள் வாசிக்கவும் கூடாது, இடையில் விளக்கம் சொல்லவும் கூடாது. கையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, எல்லோரும் சிரித்த இடத்தில் இரண்டு சரி, ஒன்றிரண்டு பேர் சிரித்த இடத்தில் ஒரு சரி, யாராவது ஃபோனை எடுத்த இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். எத்தனை நிமிடம் போகிறது என்று மணிக்கூட்டையும் பாருங்கள். அப்புறம் பிளேன்ரீ குடிக்கும்போது "நல்லாயிருந்ததா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடம் ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள்.

இனி வெட்டு. முதல் இரட்டைச் சரி மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறதென்றால், நாடகம் அங்கேயே தொடங்கட்டும். உதாரணத்துக்கு ஒரு வேலிச் சண்டை. பழைய பிரதியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

சின்னத்தம்பி: அண்ணை, போன வருசம் வேலி அடைக்கேக்கை நீங்கள் என்ரை காணிக்குள்ளை ஒரு முழம் வந்திட்டியள். அதாலை எனக்குச் சரியான கோவம்.

இதில் எல்லாம் சொல்லியாகிவிட்டது, சிரிக்க இடமில்லை. மாற்றிப் பாருங்கள்:

சின்னத்தம்பி: அண்ணை, போன வருசம் இந்த மாமரம் என்ரை வளவுக்கை நிண்டது.
பொன்னையா: மரம் நடந்து வந்தால் நான் என்ன செய்யிறது, தம்பி?

கோபத்தை அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. மரத்தைக் காட்டினால் மிச்சத்தைப் பார்வையாளர் பிடித்துக்கொள்வார்.

பிறகு வடிவத்தை மாற்றுங்கள். அதே வேலிச் சண்டைக்குப் பதினொரு பேர் தேவைப்பட்டதால்தான் மேடை கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சின்னத்தம்பி ஜீ.எஸ். (கிராம சேவகர்) கந்தோரில் வந்து முறைப்பாடு சொல்வதாக எழுதினால் ஒரே ஆள் போதும். மற்றவர்கள் எல்லாரும் அவருடைய பேச்சுக்குள் வருவார்கள். ஈழத்து நகைச்சுவைக் கலைஞர் கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' தனிநடிப்பில் பஸ் கொண்டக்டராகத் தனியே நின்றே சபையைச் சிரிக்க வைத்தவர். ஒலி நாடகமாக்கினால் வேலி நகர்வதைக் காட்ட முடியாது. ஆனால் நடுச்சாமத்தில் அலவாங்கு மண்ணில் இறங்கும் சத்தம் ஒன்றே போதும். அதை ஃபோனிலேயே பதிவு செய்யலாம்.

உங்களுடையது மட்டுமில்லாமல், ஊரில் மற்றவர்களிடம் கிடக்கும் கவிதை, சிறுகதை, பாட்டு எல்லாவற்றையும் சேர்த்து "திரும்பி வந்தவை" என்று ஒரு வாசிப்பு வைக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். ஒரு படைப்புக்குப் பத்து நிமிடம், அதில் கட்டையானதும் திறமானதும் முதலில். எழுதியவரின் சம்மதம் கேட்டு, அவர் பெயரைச் சொல்லியே வாசியுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை எழுதியவருக்கே உண்டு. ஆனால் போட்டிக்குக் கொடுத்தபோது உரிமையை எழுதிக் கொடுத்தீர்களா என்று அந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்து ஒருமுறை வாசித்துவிட்டே நாள் குறியுங்கள்.