வெந்நீர் விளாவ ஒரு சின்னக் கணக்கு

குளிக்க வெந்நீர் விளாவும்போது கையை விட்டுப் பார்த்துப் பார்த்து ஊற்றத் தேவையில்லை. சூடான நீர் இழக்கும் வெப்பம்தான் குளிர்ந்த நீர் பெறும் வெப்பம். இது தெரிந்தால் அளவை முன்பே சொல்லிவிடலாம்.

கொதிநீர் 100 டிகிரி, குழாய் நீர் 30 டிகிரி, நமக்கு வேண்டியது 40 என்று வையுங்கள். கொதிநீர் 60 டிகிரி இறங்க வேண்டும், குழாய் நீர் 10 டிகிரி ஏற வேண்டும். அதனால் ஒரு செம்பு கொதிநீருக்கு ஆறு செம்பு குழாய் நீர். ஊட்டிக் குளிரில் குழாய் நீர் 15 டிகிரி என்றால் 25 ஏற வேண்டும். ஒன்றுக்கு இரண்டரை செம்புகூட வேண்டாம்!

பிரெட் மாவுக்கு ஈஸ்ட் கரைக்கவும் இதே கணக்குதான்.

வாளியும் காற்றும் கொஞ்சம் வெப்பத்தைத் தின்னும், ஆகவே விடை ஓரிரு டிகிரி குறையும். எஃகு பெரிதாகக் குடிக்காது: அதே எடை நீரைச் சூடாக்கும் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குதான். அப்புறம், எப்போதும் வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயமாக. கடைசியாக முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.