கறுப்பு பெயிண்டில் போகாத மங்கல்

என் காரின் கறுப்பு பெயிண்ட் ரொம்ப மென்மை. சட்டென்று கோடு விழும். டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷினில் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டதும் பழைய கீறல்கள் போய்விட்டன. ஆனால் டார்ச் அடித்தால் பானெட் முழுக்க மெல்லிய மங்கல்.

காம்பவுண்ட்தான் கரடு என்று ஃபினிஷிங் பாலிஷுக்கு மாறினேன். அதே மங்கல். அப்புறம் மென்மையான ஃபோம் பேட், குறைந்த வேகம், கை அழுத்தமே இல்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். மூன்று வார இறுதிகள் வீண். கிளியர்கோட் (பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சு) தேய்ந்துவிடுமோ என்ற பயம் வேறு.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் பார்த்தேன்: கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. மெஷின் சுழன்றுகொண்டே ஆடுவது. அது கீறினால் வளைவாகத்தான் விழும். நேராக இழுத்தது என் கை! காய்ந்த பாலிஷை மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தித் துடைத்ததுதான் வினை.

சரி, பானெட்டில் ஃபினிஷிங் பாலிஷை மறுபடி ஒரு சுற்று ஓட்டினேன். இந்த முறை சின்னச் சின்னப் பகுதியாக. பாலிஷ் காயும் முன்பே டீட்டெய்லர் ஸ்பிரே (துணி வழுக்கிப் போக உதவும் திரவம்) தெளித்து, விளிம்பில் தையல் இல்லாத தடித்த துணியை அதன் எடையிலேயே இழுத்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் துணியில் புதுப் பக்கம்; பேடையும் அவ்வப்போது பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். டார்ச் வெளிச்சம் ஒரே புள்ளியாக நின்றது.